அரக்கும் சிவப்பும்

எழுத்தாளர்கள் உடையைப் பற்றி எழுதுவதில்லை. எழுதினால் அது பாத்திரத்தின் உடையாக இருக்கும், இல்லையென்றால் காந்தியின் உடையாக இருக்கும். தன் சட்டையைப் பற்றி யோசிக்கிறவனுக்கு யோசிக்க வேறு விஷயமில்லை என்பது நம் வட்டத்தில் எழுதப்படாத தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் நானும் கையெழுத்திட்டவன்தான். 2023 செப்டம்பர் 30, சனிக்கிழமை காலையில் ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணை ஒரே வார்த்தையில் புண்படுத்திய பிறகு அந்தக் கையெழுத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நடந்த இடம் ஆக்ஸ்ஃபோர்ட். இங்கிலாந்தில் இருப்பது இல்லை. அமெரிக்காவின் தெற்கே மிஸ்ஸிஸிப்பி மாநிலத்தில் இருக்கும் சின்ன ஊர். அந்தப் பெயரை வைத்தால் ஒரு பல்கலைக்கழகம் வந்து சேரும் என்று ஊரை உண்டாக்கியவர்கள் நம்பினார்கள். வந்து சேர்ந்தது; 1848-ல் திறந்தார்கள். நமக்கு அது வில்லியம் ஃபாக்னரின் ஊர். பன்னிரண்டு வருஷமாக என் அக்காவுக்கும் அதுதான் ஊர். அத்தானுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனைச்சாலையில் உத்தியோகம். டிக்கெட் அவர்கள் எடுத்தது. நான் போனது ஃபாக்னரின் வீட்டைப் பார்க்க.

வெள்ளிக்கிழமை பார்த்தேன். ஒரு நாவலின் திட்டத்தை, நாள் கணக்கு உட்பட, அவர் தன் எழுத்தறையின் சுவரிலேயே எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சுவரின் முன் வெகுநேரம் நின்றுவிட்டு, தனிமையைப் பற்றியும் கலைஞனைப் பற்றியும் ஏதேதோ எண்ணங்களோடு வீடு திரும்பினேன். மறுநாள் காலை எழுந்து வந்தால் அக்காவின் கூடம் ஜவுளிக்கடையாக மாறியிருந்தது. சோபா முழுக்கச் சிவப்பும் நீலமுமாகத் துணிகள். அன்று சாயங்காலம் பல்கலைக்கழக மைதானத்தில் ஃபுட்பால் ஆட்டம்.

அங்கே ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, தலைக்கவசமும் தோள்கவசமுமாக ஒருவர்மேல் ஒருவர் மோதும் ஆட்டம். கல்லூரி மாணவர்கள் ஆடும் அந்த ஆட்டத்துக்கு 60,000 பேருக்கு மேல் வருகிறார்கள். எதிர்த்து ஆட வந்திருந்தது பக்கத்து லூஸியானா மாநிலப் பல்கலைக்கழகம். அவர்கள் நிறம் ஊதாவும் பொன்மஞ்சளும். 1893-ல் கார்னிவல் பண்டிகைக்காகக் கடைக்கு ரிப்பன் வந்திருந்தது, ஊதாவும் பொன்மஞ்சளும் வந்து பச்சை மட்டும் வந்து சேரவில்லை, கிடைத்ததை வாங்கி ஆட்டக்காரர்களுக்குக் கட்டினார்கள் என்பது அவர்கள் சொல்லிக்கொள்ளும் கதை. அன்றைக்கு அந்த ஊரில் அந்த இரண்டு நிறமும் உடம்பில் பட்டுவிடக்கூடாது. சிவப்பு உடுத்தலாம், கருநீலம், இளநீலம் உடுத்தலாம், வெள்ளை பரவாயில்லை.

"ஏல தம்பி, நீ என்னத்தப் போடப்போற?" என்றாள் அக்கா. வெள்ளைச் சட்டை என்றேன். "துஷ்டி வீட்டுக்கா போற?" என்றாள்.

அப்போதுதான் தன் அரக்குப் புடவையின் கதையைச் சொன்னாள். வந்த முதல் வருஷம், ஆட்டத்துக்குச் சிவப்பு உடுத்தி வா, இருப்பதில் நல்லதாக உடுத்தி வா என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இருப்பதில் நல்லது அவள் முகூர்த்தப் பட்டு. நல்ல அரக்கு. நம் கண்ணுக்கு அது சிவப்பின் வயதான தங்கச்சி. அந்த ஊர்க் கண்ணுக்கு அது பரம வைரியின் நிறம். அதே மாநிலத்தில் இருக்கும் இன்னொரு பல்கலைக்கழகம், மிஸ்ஸிஸிப்பி ஸ்டேட், 1890-களிலிருந்து அரக்கும் வெள்ளையும் உடுத்துகிறது. இரண்டு கல்லூரிகளும் வருஷா வருஷம் பொன்முட்டை என்ற கோப்பைக்காக மோதிக்கொள்வது 1927 முதல் நடக்கிறது. அக்காவைப் பார்த்ததும் பக்கத்துக் கூடாரத்து அம்மாள் ஒருத்தி எழுந்துவந்து, ஒரு வார்த்தை பேசாமல், தன் சிவப்புச் சால்வையை எடுத்து இவள் தோளில் போர்த்தினாளாம். "அன்பாத்தான் செஞ்சா. ஆனா அன்னைக்குப் பூரா அந்தத் துண்டு நழுவாமப் பாத்துக்கிட்டதுதான் எனக்கு வேல."

அக்கா மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஏழு வயதில் அந்த ஊருக்குப் போனவள். இப்போது அதே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஒரு கையில் சிவப்புக் கவுன், மறு கையில் இளநீலக் கவுன். இரண்டையும் மாறி மாறி மேலே வைத்துக் காட்டி, "மாமா, எது நல்லாருக்கு?" என்றாள். நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் பார்த்த சுவர் இன்னும் மனசில் இருந்தது. "வேஷத்துக்கு எதுவானா என்ன?" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மாடிக்குப் போனவள் சிவப்பை உடுத்திக்கொண்டு தனியாகக் கிளம்பிப் போய்விட்டாள். அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஆட்டத்துக்கு முன் எல்லோரும் கூடும் இடத்துக்குத் தோப்பு என்றே பெயர். கருவாலியும் எல்மும் மக்னோலியாவும் நிற்கும் பத்து ஏக்கர் சுமாரான நிலம், பல்கலைக்கழகத்தின் நடுவில். ஒரு காலத்தில் காரையே தோப்புக்குள் கொண்டுவந்து நிறுத்தி, பின்கதவைத் திறந்துவைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். 1991-ல், மழையில் புல் சேறானபிறகு, கார்களுக்குத் தடை போட்டார்கள். கார் போய்க் கூடாரம் வந்தது. கூடாரங்களும் சிவப்பு, நீலம். உள்ளே மேஜை விரிப்பு, வெள்ளித் தட்டு, பூஜாடி. சில கூடாரங்களின் உச்சியில் சரவிளக்குக்கூடத் தொங்குகிறது. ஆட்டத்தில் தோற்றிருக்கலாம், விருந்தில் தோற்றதில்லை என்பது அந்த ஊர்க்காரர்களின் வழக்குப் பேச்சு.

உடுப்பை முதலில் கேலிச் சித்திரம் போலத்தான் பார்த்தேன். பிறகுதான் அதில் ஓர் இலக்கணம் இருப்பது தெரிந்தது. வேறு கல்லூரிகளில் ஆட்டக்காரரின் எண் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இந்தத் தோப்பில் அது மட்டுக்குறைவு. ஆண்கள் புழுக்கத்திலும் கருநீலக் கோட்டு, பொத்தான் வைத்த காலர் சட்டை, சிவப்பும் நீலமும் சாய்கோடாக ஓடும் டை அல்லது கழுத்தில் பட்டாம்பூச்சிபோல் உட்காரும் போ. பெண்கள் கவுன், முத்துமாலை. காலில் குதிகால் செருப்பு, அதுவும் புல்லில் புதையாத அகலக் குதிகால். சிலர் கௌபாய் பூட்ஸ். கோஷம் எழுதிய வட்டப் பித்தானைக் கவுனில் குத்திக்கொள்கிறார்கள். மைதானத்துக்குள் கண்ணாடிபோல் உள்ளே தெரிகிற பைதான் அனுமதி என்பது பாதுகாப்பு விதி. அந்தப் பைக்கும் கரை சிவப்பு. நிறம் எல்லோருக்கும் ஒன்று. ஆனால் எந்தத் துணியில், எந்த அளவில், எந்த இடத்தில் என்பது அவரவர் சாமர்த்தியம். கழுத்தில் ஒரு விரல் அகலம் சிவப்பை மட்டும் வைத்துவிட்டு மற்றதெல்லாம் சாம்பல் நிறமாக வந்த கிழவர் ஒருவரைப் பார்த்தேன். யாப்பு தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

இருந்தும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. மந்தை என்ற சொல் விமர்சகனுக்கு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆட்டக்காரர்கள் வரிசையாகத் தோப்பின் வளைவு வழியே நடந்து வந்தபோது கூட்டம் இரண்டாகப் பிரிந்து கூச்சலிட்டது. அத்தானும் கூச்சலிட்டார். வீட்டில் உரத்து இருமக்கூட மாட்டாத மனிதர். நான் வெள்ளைச் சட்டையில் ஒதுங்கி நின்றேன். நடுநிலை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

நிறம் எங்கிருந்து வந்தது என்று அத்தானின் சகா ஒருவர் சொன்னார். பிறகு நானும் படித்துப் பார்த்தேன். ஒரு கைக்குட்டையில் தொடங்குகிற கதை அது. 1858 ஜூனில் பாஸ்டனில் ஒரு படகுப் போட்டி. ஹார்வர்ட் மாணவர்களின் படகைக் கரையிலிருப்பவர்கள் அடையாளம் காண வேண்டும் என்று இரண்டு துடுப்புக்காரர்கள் சிவப்புப் பட்டுக் கைக்குட்டைகளை வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர், சார்லஸ் எலியட், பின்னால் 40 வருஷம் ஹார்வர்டின் தலைவராக இருந்தவர். கைக்குட்டையின் சிவப்பு அந்தக் கல்லூரியின் கிரிம்ஸன் ஆயிற்று. 1893-ல் மிஸ்ஸிஸிப்பியில் முதல் ஃபுட்பால் குழு அமைந்தபோது, ஹார்வர்டின் கிரிம்ஸனையும் யேலின் நீலத்தையும் சேர்த்துக்கொண்டால் இரண்டு நல்ல கல்லூரிகளின் ஆவியும் வந்துசேரும் என்று முடிவு செய்தார்கள்.

இதில் என்னை நிறுத்தியது வருஷம். அதற்கு 30 வருஷம் முன்பு, 1863-ல், இதே பல்கலைக்கழக மாணவர்கள் சேர்ந்து அமைத்திருந்த ஒரு படைப்பிரிவு கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் அழிந்துபோயிருந்தது. சுட்டது வடக்கு. அந்த வடக்கின் இரண்டு கல்லூரிகளிடமிருந்து தெற்கின் பையன்கள் நிறத்தைக் கடன் வாங்கினார்கள். ஆக அந்தச் சிவப்பும் நீலமும் தெற்கின் ரத்தத்திலோ மண்ணிலோ ஊறியவை இல்லை. இன்னொருவரைப்போல் ஆக வேண்டும் என்ற ஆசையில் எடுத்து மாட்டிக்கொண்டவை. கிரிம்ஸன் என்ற சொல்லும் நம் அரக்கு என்ற சொல்லும் சாயம் தரும் பூச்சிகளிலிருந்து வந்தவை என்பது வேறு விஷயம். அக்காவின் புடவை ஒருவகையில் ஹார்வர்டுக்கு இவர்களைவிடக் கிட்டத்து உறவு.

கடன் வாங்கிய நிறத்தின் மேல் பின்னால் வேறொன்று வந்து ஏறியது. 1936-ல் குழுவுக்கு ரெபல்ஸ், கலகக்காரர்கள், என்று பெயர் வைத்தார்கள். எந்தக் கலகம் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. 1948-ல், கறுப்பர்களுக்குச் சம உரிமை என்ற பேச்சு வாஷிங்டனில் எழுந்தபோது, மைதானத்தில் கான்ஃபெடரேட் கொடிகள் முளைத்தன. அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ளப் பிரிந்துபோய்ப் போரிட்ட மாநிலங்களின் போர்க்கொடி அது. சிவப்புத் தரையில் நீலப் பெருக்கல் குறி. குழுவின் நிறத்தோடு அது பொருந்திப்போனது தற்செயல்தான் என்றாலும், கவுனும் கோட்டும் கொடியும் ஒரே துணியில் வெட்டியது போல ஆயிற்று.

1962 செப்டம்பர் 29, சனிக்கிழமை இரவு, ஜாக்ஸன் நகரில் கென்டக்கியோடு ஆட்டம். இடைவேளையில் கவர்னர் ராஸ் பார்னெட் மைதானத்தின் நடுவில் வந்து, தன் மாநிலத்தின் மீதும் அதன் பழக்கவழக்கங்கள் மீதும் தனக்குள்ள அன்பைப் பற்றிச் சில வாக்கியங்கள் பேசினார். எங்கும் கொடி. மறுநாள், செப்டம்பர் 30, ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பரை மாணவராகச் சேர்ப்பதற்காக மத்திய அரசின் மார்ஷல்கள் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கொண்டுவந்தார்கள். அன்று இரவு முழுக்கக் கலவரம். பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஒருவரும் ஊர்க்காரர் ஒருவரும் செத்தார்கள். மார்ஷல்களில் 160 பேருக்கு மேல் காயம். ராணுவம் வந்துதான் அடங்கியது. நான் நின்றிருந்த தோப்பை ஒட்டிய வட்டத் திடலில்தான் கண்ணீர்ப் புகை போட்டார்கள்.

தேதியைக் கவனித்திருப்பீர்கள். நான் போயிருந்ததும் செப்டம்பர் 30. சரியாக 61 வருஷம். எங்கள் கூடாரத்தில் யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒருவகை அசட்டுத்தனம்தான். பண்டிகை நாளில் யார் பஞ்சாங்கத்தின் மறுபக்கத்தைப் படிக்கிறார்கள்?

மதியம் மெரிடித்தின் சிலையைப் பார்க்கத் தனியாகப் போனேன். 2006-ல் வைத்தது. பழைய தூண்கள் கொண்ட நிர்வாகக் கட்டடத்துக்குப் பின்னால், நூலகத்துக்கு எதிரே, ஒரு கல்வாசலை நோக்கி நடந்துபோகிறார். 1962 அக்டோபர் 1 அன்று அவர் சேரப் போனபோது எடுத்த புகைப்படங்கள் பிரசித்தம். கோட்டு, டை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. விமானப் படையில் ஒன்பது வருஷம் இருந்தவர், வயது 29. சுற்றிலும் கத்துகிறவர்கள் சட்டை வெளியே தொங்க நிற்கிறார்கள். அங்கே ஒழுங்காக உடுத்தியிருப்பவர்கள் அவரும் அவருடைய காவலர்களும்தான். பகட்டு என்று அதைச் சொல்ல முடியாது. ஒரு சுருக்கம் இருந்தாலும் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் காத்திருக்கும் கூட்டத்தின் நடுவே நடப்பவனுக்கு இஸ்திரிப் பெட்டி ஓர் ஆயுதம். அடுத்த வருஷம் ஆகஸ்டில் பட்டம் வாங்கியபோது, அவரைச் சேர்க்கக்கூடாது என்றவர்கள் குத்திக்கொண்ட 'ஒருபோதும் இல்லை' என்ற பித்தானை அங்கியின் உள்ளே தலைகீழாகக் குத்திக்கொண்டு போனார். நவீன கவிதையில் நாம் முரண் என்று சொல்லிக்கொண்டு தேடுவது அந்தப் பித்தானில் முழுசாக இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மெள்ள மெள்ள அவிழ்த்த கதை. 1972-ல் முதன்முதலாகக் கறுப்பு ஆட்டக்காரர்கள் அந்தச் சிவப்பு-நீல உடுப்பில் இறங்கினார்கள். 1982-ல் ஜான் ஹாக்கின்ஸ் என்ற மாணவர், உற்சாகக் குழுவில் சேர்ந்த முதல் கறுப்பர், கொடியைத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டேன் என்றார். அடுத்த வருஷம் பல்கலைக்கழகம் அந்தக் கொடியிலிருந்து விலகிக்கொள்வதாக அறிவித்தது. ஆனால் பார்க்க வருகிறவர்கள் கொண்டுவருவது நிற்கவில்லை. 1997-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கொடியைத் தடுக்கவில்லை, மைதானத்துக்குள் கம்பு கொண்டுவரக்கூடாது என்று பாதுகாப்பு விதி போட்டார்கள். கம்பில்லாத கொடி வெறும் துணி. துணியைக் கையில் எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருப்பது? வங்கியில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் இந்தச் சுற்றறிக்கையை எழுதியவரை நான் மதிக்கிறேன். 2003-ல் தோட்ட முதலாளி வேஷத்தில் வரும் கர்னல் பொம்மையை ஆட்டக் களத்திலிருந்து எடுத்தார்கள். 2016-ல் பழைய தெற்கின் பாட்டை வாத்தியக் குழு நிறுத்தியது. நடுவில், 2014 பிப்ரவரியில் ஓர் இரவு, யாரோ இந்தச் சிலையின் கழுத்தில் தூக்குக் கயிற்றை மாட்டிப் பழைய கொடி ஒன்றையும் போர்த்தியிருந்தார்கள். சிலைக்கும் உடுத்திப் பார்த்தாயிற்று.

நான் நின்றிருந்தபோது கறுப்பர் குடும்பம் ஒன்று அங்கே வந்தது. எழுபது வயதுத் தாத்தா, பாட்டி, பேரப் பிள்ளைகள். தாத்தா உடுத்தியிருந்தது அன்று நான் பார்த்த உடுப்புகளிலேயே உத்தமமானது. சிவப்புக் கோட்டு, இளநீலச் சட்டை, கருநீலத்தில் சிறு சிவப்புப் புள்ளி வைத்த போ, வெள்ளைச் செருப்பு. ஒரு படம் எடுக்க முடியுமா என்று தன் போனை என்னிடம் நீட்டினார். எல்லோரும் சிலையின் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். நான் எடுக்கப்போகும்போது கையை உயர்த்தி நிறுத்தினார். கழுத்தில் போ நேராக இருக்கிறதா என்று கேட்டார். அவரிடம் எனக்கு நூறு கேள்விகள் இருந்தன. இந்தச் சிவப்பை எப்படி உடுத்துகிறீர்கள், அது உங்களை உறுத்தவில்லையா என்றெல்லாம். அவர் என்னிடம் கேட்டது போவைப் பற்றி. இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது என்றேன். பாட்டி சரி செய்தாள். எடுத்தேன்.

கூடாரத்துக்குத் திரும்பி நடக்கும்போது ஃபாக்னர் ஞாபகம் வந்தார். நான் வெள்ளிக்கிழமை கும்பிட்ட ஃபாக்னர் இல்லை, வேறொருவர். 1916-ல் இதே ஊரில் தன் தாத்தாவின் வங்கியில் பேரேடு எழுதிக்கொண்டிருந்த பையன். அந்த ஒரு காரணத்துக்காகவே அவரை நான் நிறைய மன்னித்திருக்கிறேன். 1918-ல் கனடாவில் விமானப் படைப் பயிற்சிக்குப் போனார். பயிற்சி முடிவதற்குள் போர் முடிந்துவிட்டது. டிசம்பரில் ஊருக்குத் திரும்பியபோது அதிகாரி உடுப்பு, கையில் பிரம்பு, காலில் நொண்டல். தான் பறக்காத போரின் உடுப்பில் ஊர்ச் சதுக்கத்தைச் சுற்றி வந்தார். பிறகு கொஞ்ச காலம் இந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவர். அவருடைய மிடுக்கான உடையைப் பார்த்து, ஒன்றுக்கும் உதவாத பிரபு என்று பையன்கள் பட்டப்பெயர் வைத்தார்கள். வாழ்வின் கடைசியில் வர்ஜீனியாவில் ஒரு நரிவேட்டைக் கழகத்தில் சேர்ந்து, அதன் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு பெருமையாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். 1962 ஜூலையில் செத்துப்போனார், செப்டம்பரைப் பார்க்கவில்லை. சுவரில் எழுதிய தனியன் என்று நான் கொண்டாடியவர், எந்தக் கூட்டத்தின் சிவப்புக் கோட்டையாவது போட்டுக்கொள்ள வாழ்நாள் பூரா ஆசைப்பட்டிருக்கிறார். இதை அவர் எழுத்துக்கு எதிரான சாட்சியாக யாராவது எடுத்துக்கொண்டால் அவர் எழுத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்றுதான் சொல்வேன். அவருடைய மனிதர்கள் எல்லோருமே தங்களுக்குச் சொந்தமில்லாத உடுப்பில் விறைத்து நிற்பவர்கள்தானே.

நாங்கள் மைதானத்துக்குள் போகவில்லை. டிக்கெட் விலை அப்படி. கூடாரத்துத் தொலைக்காட்சியில் பார்த்தோம். படம் சற்றுப் பிந்தி வரும், கூச்சல் முந்தி வந்துவிடும். அதனால் என்ன நடக்கப்போகிறது என்பது எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துகொண்டே இருந்தது. 55-க்கு 49 என்று மிஸ்ஸிஸிப்பி ஜெயித்தது. கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது.

அக்கா மகள் வந்தபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது. ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. அக்கா பிளாஸ்டர் தேடிக்கொண்டிருந்தாள். காலையில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. ஆனால் நான் ஆரம்பித்தது 1962-ல். இந்த நிறத்தின் மேல் என்னவெல்லாம் படிந்திருக்கிறது தெரியுமா என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் மாமா. ஸ்கூல்ல படிச்சோம். அதுக்காக நான் பச்ச உடுத்தணுமா?" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே பேசினாள். "காலைல வேஷம்னு சொன்னீங்கள்ல. கடையில, பஸ்ல, பல் டாக்டர்கிட்ட, எங்க போனாலும் எந்த ஊருன்னு கேப்பாங்க. இந்த ஊருதான்னு சொன்னா, அதுக்கு முந்தி எந்த ஊருன்னு கேப்பாங்க. சனிக்கிழமை மட்டும் கேக்க மாட்டாங்க. எந்த வரிசைல சீட்டுன்னு கேப்பாங்க. அவ்வளவுதான்."

அவளுக்குப் பதில் சொல்ல என்னிடம் விமர்சனச் சொற்கள் நிறைய இருந்தன. சனிக்கிழமைக்கு மட்டும் செல்லுபடியாகும் ஊர் ஓர் ஊரா என்று கேட்டிருக்கலாம். கவுனைக் கொடுத்து வாங்கிய சொந்தம் கவுனைக் கழற்றினால் போய்விடாதா என்று கேட்டிருக்கலாம். இவை இப்போதும் எனக்கு நியாயமான கேள்விகளாகத்தான் படுகின்றன. அக்கா தோளில் விழுந்த அந்தச் சிவப்புச் சால்வையை என்னால் வெறும் அன்பு என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. மூடி மறைத்து உள்ளே சேர்த்துக்கொள்வது என்பது பாதி உபசாரம், பாதி எச்சரிக்கை. ஆனால் இந்தக் கேள்விகளைக் கேட்க உரிமையுள்ளவர்கள் அக்காவும் அவள் மகளும். நான் வெள்ளைச் சட்டை போட்டு ஒதுங்கி நிற்க முடிந்ததற்குக் காரணம் என் சிந்தனையின் சுதந்திரம் இல்லை. பதினைந்து நாளில் திரும்பிப்போக என்னிடம் டிக்கெட் இருந்தது.

நம் விஷயத்துக்கு வருகிறேன். இலக்கியக் கூட்டத்துக்கு நாம் எப்படிப் போகிறோம்? கசங்கிய கதர் ஜிப்பா, ஜோல்னாப் பை, மழிக்காத நான்கு நாள் தாடி. வங்கியிலிருந்து நேரே வரும் நாட்களில் நான் சட்டையை பேண்ட்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்துவிட்டுக்கொண்டுதான் கூட்டத்துக்குள் நுழைவேன். சட்டை உள்ளே இருந்தால் குமாஸ்தா, வெளியே இருந்தால் விமர்சகன். இதை எந்த நண்பரும் என்னிடம் சொன்னதில்லை, எனக்கே தெரிந்திருந்தது. இஸ்திரி மடிப்போடு, முழுக்கைச் சட்டையில், ஒரு புதுக் கவிஞர் சில வருஷம் முன் நம் கூட்டத்துக்கு வந்தார். அவர் கவிதையை யாரும் சரியாகக் கேட்கவில்லை. வெளியே வந்து டீ குடிக்கும்போது அவருடைய சட்டையைப் பற்றி ஒரு சமத்காரமான வாக்கியம் சொன்னவன் நான்தான். அவர் அப்புறம் வரவில்லை. அவர் வீட்டில் அந்தச் சட்டையை யார் தேய்த்துக் கொடுத்தார்கள், வருவதற்கு முன் எத்தனை முறை கண்ணாடி பார்த்தார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. எதை வேண்டுமானாலும் உடுத்தலாம் என்ற அலட்சியம் ஏற்கெனவே உள்ளே இருப்பவனுக்கு வாய்ப்பது. வாசலில் நிற்பவன் போ நேராக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்கிறான்.

இதனால் கூட்டத்தின் நிறத்தை எல்லோரும் உடுத்திக்கொள்ள வேண்டும் என்ற முடிவுக்கு நான் வந்துவிடவில்லை. கொடியைத் தூக்கிக்கொண்டு ஓட மறுத்த ஹாக்கின்ஸும் அந்தக் குழுவின் உடுப்பில்தான் இருந்தார். உடுப்பைக் கழற்றவில்லை, கொடியைத் தொடவில்லை. எதை உடுத்துவது, எதைக் கீழே போடுவது என்று உள்ளே நின்றே ஒருவர் தீர்மானிக்க முடியும் என்பது எனக்கு முன்பு தெரியாது. வெளியே நிற்பதுதான் ஒரே கௌரவம் என்று பி.ஏ. வகுப்பிலிருந்து நம்பிக்கொண்டிருந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின இரவு பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா மகள் கதவருகே வந்து நின்றாள். வரும் சனிக்கிழமை, அக்டோபர் 7, ஆர்கன்ஸாவோடு ஆட்டம். கையில் அதே இரண்டு கவுன்கள். இந்தமுறை ஒன்றும் கேட்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் பார்த்தேன். சிவப்பின் தையல் நேர்த்தி. ஆனால் ஆர்கன்ஸாக்காரர்களும் சிவப்புதான் உடுத்துகிறார்கள் என்பது இந்த ஐந்து நாளில் எனக்குத் தெரிந்திருந்தது.

"நீலம்" என்றேன். "வர்றவங்களும் சிவப்பு. கூட்டத்துல உன்னைத் தனியாத் தெரியணும்லா."

"பரவால்லயே மாமா" என்றாள். பிறகு, "செருப்பு?" என்றாள்.

கொப்புளம் ஆறும்வரை தட்டையானது போதும் என்று சொன்னேன். அதை மட்டும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை.